ஒரே அப்பம், பல பந்தி: நற்கருணைச் சர்ச்சையின் வரலாறு

வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு ஒரு வசதி உண்டு. ஊரிலே இருந்திருந்தால் அவரவர் கோயில், அவரவர் தெரு என்று இருந்துவிடுவோம். இங்கே தூத்துக்குடிக் கத்தோலிக்கரும், பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ.க்காரரும், தஞ்சாவூர் லுத்தரனும், மயிலாப்பூர் மாமியும் ஒரே சங்கத்து உறுப்பினர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் இருப்பதில்லை. கத்தோலிக்கக் கல்யாணப் பூசைக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பூசையின் பிற்பகுதியில் வரிசையாகப் போய்ச் சாமியாரிடம் மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை வாங்கி உட்கொள்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறோம். அது சரி. ஆனால் பக்கத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. நண்பரும் எழுந்து போவதில்லையே, அவரும் கிறிஸ்தவர்தானே, அது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போனால் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்கள். இந்தச் சடங்கைக் கத்தோலிக்கர் நற்கருணை என்பர். அதைப் பெறுவதற்குப் பேச்சு வழக்கில் 'நன்மை வாங்குவது' என்று பெயர். குழந்தை முதன்முறை வாங்குவது புதுநன்மை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திருவிருந்து. இன்னும் பழைய ஆட்கள் இராப்போஜனம் என்பார்கள், இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இரவு உணவின் நினைவாக. கத்தோலிக்கப் பாட்டிமார் அந்த அப்பத்தை 'ஒஸ்தி' என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல். பெயரிலேயே இத்தனை வேறுபாடு என்றால் பொருளில் இருக்காதா?

கத்தோலிக்கர் நம்புவது என்ன?

அந்த இரவில் இயேசு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து, இது என் உடல் என்றார். கிண்ணத்தைக் கொடுத்து, இது என் இரத்தம் என்றார். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளிலும், அவற்றுக்கும் முன்பே கி.பி. 55ஐ ஒட்டிப் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்திலும் இது இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதை நேர்பொருளிலேயே கொள்கிறது. குரு அந்தச் சொற்களைச் சொன்ன பிறகு அங்கே அப்பம் இல்லை, திராட்சை இரசம் இல்லை, இருப்பது கிறிஸ்துவே. நிறம், சுவை, எடை, மணம் எல்லாம் அப்படியே இருக்கும். உட்பொருள் மட்டும் மாறிவிட்டது. 'உட்பொருள் மாற்றம்' என்பது இதற்கு இறையியலார் தரும் பெயர். பொன் ஒன்று, அணி பல என்று நம் பக்கத்துத் தத்துவத்தில் உவமை சொல்வார்கள் அல்லவா? வடிவம் மாறும், பொருள் மாறாது. கத்தோலிக்கக் கொள்கை இதற்கு நேர் எதிர்: வடிவம் மாறாது, பொருள் மாறிவிடும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதை அரிஸ்டாட்டிலின் கலைச்சொற்களைக் கொண்டு விரிவாக விளக்கினார்.

கோயிலில் நாம் பார்க்கும் பல பழக்கங்களுக்கு இந்த நம்பிக்கைதான் வேர். எஞ்சிய அப்பத்தைப் பேழையில் வைத்துப் பூட்டி, அருகில் அணையாவிளக்கு ஏற்றுவதும், பேழையைக் கடக்கும்போது முழங்காலிடுவதும் இதனால்தான். நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலைப் பூசைக்குப் போன அம்மாக்களை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். போப் பன்னிரண்டாம் பயஸ் 1953இல் தண்ணீரை அனுமதித்தார். 1957இல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றார். 1964இல் அது ஒரு மணி நேரமாயிற்று. ஏழு வயதை ஒட்டிய குழந்தைக்குப் புதுநன்மை கொடுப்பதும் 1910இல் பத்தாம் பயஸ் வகுத்த விதி. அதற்கு முன் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம்.

இந்த நம்பிக்கை என்றைக்குமே கேள்விக்கு உட்படாமல் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 9ஆம் நூற்றாண்டிலேயே, பிரான்சில் கோர்பி என்ற ஒரே மடத்தில் இருந்த இரண்டு துறவிகள், ராட்பெர்ட்டுஸ் ஒருவர், ராட்ராம்னுஸ் மற்றவர், ஒரே தலைப்பில் எதிரெதிராக நூல் எழுதினார்கள். 11ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து பெரெங்கார், அப்பம் அப்பமாகவே இருந்துகொண்டு கிறிஸ்துவின் உடலைக் குறிக்கிறது என்ற கருத்தில் பேசினார். 1059இல் ரோமில் அவரைப் பிடித்து ஓர் உறுதிமொழி வாசிக்க வைத்தார்கள். கிறிஸ்துவின் உடல் விசுவாசிகளின் பற்களால் மெல்லப்படுகிறது என்கிற அளவுக்கு அதில் எழுதியிருந்தது. பிற்காலக் கத்தோலிக்க அறிஞர்களுக்கே அந்த வாசகம் சங்கடத்தைத் தந்தது. அக்வினாஸ் அதற்கு மெதுவாக வேறு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பெரெங்காரோ ஊருக்குத் திரும்பியதும் பழையபடி பேசினார். 1079இல் மறுபடி ஓர் உறுதிமொழி. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் உட்பொருள் மாற்றத்தை அதிகாரபூர்வமாக எழுதி வைத்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, பாஸ்கா காலத்தில், நன்மை வாங்க வேண்டும் என்று கட்டளையும் போட்டது. வாங்காமலே இருந்தவர்கள் அவ்வளவு பேர் என்றுதானே இதற்கு அர்த்தம்! அந்தக் காலத்து மக்களுக்கு உண்பதைவிடப் பார்ப்பதே பெரிதாக இருந்தது. குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தைத் தரிசிக்க ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு ஓடுவார்களாம். லியேஜ் நகரத்து ஜூலியானா என்ற துறவியின் முயற்சியால் தொடங்கிய நற்கருணைத் திருநாளை 1264இல் போப் நான்காம் அர்பன் உலகத் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கினார்.

கிண்ணத்துக்காக ஒரு போர்

ஆரம்ப நூற்றாண்டுகளில் எல்லோருக்கும் அப்பமும் உண்டு, கிண்ணமும் உண்டு. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் கிண்ணம் படிப்படியாகக் குருவோடு நின்றுவிட்டது. சிந்திவிடுமோ என்கிற பயம் ஒரு காரணம். கிறிஸ்து இரண்டிலும் முழுமையாக இருக்கிறார், ஒன்று போதும் என்பது அதற்குச் சொன்ன இறையியல் நியாயம். நியாயம் என்னவோ சரியாகவே இருக்கட்டும். பந்தியில் ஒருவருக்கு இரண்டு பதார்த்தம், மற்றவருக்கு ஒன்று என்றால் உட்கார்ந்திருப்பவன் கேட்காமல் இருப்பானா?

பொஹேமியாவில், இன்றைய செக் நாட்டில், கேட்டார்கள். 1414இல் பிராக் நகரில் யாக்கோபெக் என்ற குரு பொதுமக்களுக்கும் கிண்ணத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1415 ஜூன் 15 அன்று கான்ஸ்டன்ஸ் சங்கம் அதைத் தடை செய்தது. மூன்று வாரம் கழித்து ஜூலை 6ஆம் தேதி, பிராக் பல்கலைக்கழகத்தின் யான் ஹுஸ் அதே நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மேல் சுமத்திய குற்றங்கள் வேறு, ஆனால் கிண்ணம் கொடுப்பதை அவர் சிறையிலிருந்தே ஆதரித்திருந்தார். 1419 முதல் 1434 வரை நடந்த ஹுஸ்ஸியப் போர்களில் அந்த மக்களின் கொடியில் இருந்த சின்னமே கிண்ணம்தான். கடைசியில் 1436இல் பொஹேமியாவுக்கு மட்டும் கிண்ணம் கொடுக்க சமரசம் ஏற்பட்டது.

மார்பர்க் கோட்டையில் நான்கு நாள்

அடுத்த நூற்றாண்டில் லூத்தர் வருகிறார். லூத்தர் கத்தோலிக்க நற்கருணைக் கொள்கையை முழுசாக மறுத்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. 1520இல் அவர் எழுதிய நூலில் மூன்றை எதிர்த்தார்: கிண்ணத்தை மக்களுக்குத் தராதது, உட்பொருள் மாற்றம் என்ற தத்துவ விளக்கம், பூசையை ஒரு பலி என்று சொல்வது. ஆனால் கிறிஸ்துவின் உடல் அங்கே மெய்யாகவே இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அப்பமும் இருக்கிறது, உடலும் இருக்கிறது என்பது அவர் கட்சி.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து சுவிங்லி வேறு வழியில் போனார். 1525இல் அந்த நகரில் பூசையே நிறுத்தப்பட்டது. 'இது என் உடல்' என்பதில் உள்ள 'எஸ்ட்' என்னும் லத்தீன் வினைச்சொல்லுக்குக் 'குறிக்கிறது' என்று பொருள் கொள்ள வேண்டும் என்றார் அவர். பயணம் போகும் கணவன் மனைவியிடம் கொடுத்துச் செல்லும் மோதிரம் போல என்று உவமையும் சொன்னார். மோதிரம் கணவன் ஆகாது. அதற்காக அது வெறும் உலோகமும் ஆகாது. தாலியைப் பற்றி நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் இந்த உவமையின் பலமும் தெரியும், அதன் போதாமையும் தெரியும்.

1529ஆம் ஆண்டு புரட்டஸ்டண்டுகளுக்கு நெருக்கடியான ஆண்டு. ஏப்ரலில் ஸ்பெயர் மன்றத்தில் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புரட்டஸ்டண்ட் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கத்தோலிக்கர். துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்தது. லூத்தர் பக்கத்து ஜெர்மானிய நாடுகளும் சுவிஸ் நகரங்களும் கூட்டணி சேர்ந்தால்தான் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டவர் ஹெஸ்ஸே நாட்டு இளம் ஆட்சியாளர் பிலிப். கூட்டணிக்கு முதலில் கொள்கை ஒத்துப்போக வேண்டுமே! அக்டோபர் 1ஆம் தேதி இரு தரப்பையும் தம்முடைய மார்பர்க் கோட்டைக்கு அழைத்து உட்கார வைத்தார். ஒரு பக்கம் லூத்தர், மெலாங்க்தன். எதிர்ப் பக்கம் சுவிங்லி, பாசெல் நகரத்து எக்கோலம்பாடியுஸ்.

பேச்சு தொடங்குமுன் லூத்தர் ஒரு சாக்கட்டியை எடுத்து மேஜையில் 'ஹோக் எஸ்ட் கோர்புஸ் மேயும்' என்று எழுதி, மேலே விரிப்பைப் போட்டு மூடிவிட்டார். 'இது என் உடல்' என்பதன் லத்தீன் வடிவம் அது. சுவிங்லி யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை எடுத்தார்: ஆவியே உயிர் தருவது, ஊன் பயன் தராது என்று கிறிஸ்துவே சொல்லியிருக்கிறாரே, பிறகு உடலை வாயால் உண்டு என்ன பயன்? இந்த வசனம் உம் கழுத்தை முறித்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். அவர் ஊரில் அது சாதாரணப் பேச்சு, 'இதுக்கு மேல உம்மால பேச முடியாது' என்கிற மாதிரி. லூத்தர் அதை நேர்பொருளில் எடுத்துக்கொண்டு, இது ஹெஸ்ஸே, சுவிட்சர்லாந்து இல்லை, இங்கே கழுத்து அவ்வளவு சுலபமாக முறியாது என்றார். நேர்பொருளா, உவமையா என்று வாதாட வந்த இடத்தில் வாதாடியவர்களின் பேச்சுக்கே அந்தச் சிக்கல் வந்துவிட்டது!

எக்கோலம்பாடியுஸ் இன்னொரு கேள்வி கேட்டார். கிறிஸ்துவின் உடல் விண்ணகத்தில் தந்தையின் வலப்பக்கம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். ஓர் உடல் ஒரே நேரத்தில் ஆயிரம் பீடங்களில் எப்படி இருக்கும்? லூத்தருக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்கவில்லை. காட்டு ஆப்பிளைத் தின்னு என்று ஆண்டவர் சொன்னால் தின்பேன், ஏன் என்று கேட்க மாட்டேன் என்றார். சொல்லுக்கு ஆதாரம் காட்டும்படி வற்புறுத்தியபோது மேஜை விரிப்பை விலக்கி, சாக்கட்டியால் எழுதியதைக் காட்டினார். இதுதான் ஆதாரம், இதை விட்டு நகர மாட்டேன் என்று அர்த்தம்.

15 விதிகள் எழுதப்பட்டன. 14இல் முழு உடன்பாடு. 15ஆவது விதியிலும் கிண்ணம் எல்லோருக்கும் உண்டு, பூசை பலி அல்ல என்பது வரை ஒத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் உடல்வழியாக இருக்கிறதா என்கிற ஒன்றில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. சுவிங்லி கண்ணீரோடு கை நீட்டினார். சகோதரர் என்று அழைக்க லூத்தர் மறுத்துவிட்டார். ஊருக்குள் ஒரு கொள்ளைக்காய்ச்சல் நுழைந்ததால் கூட்டம் அவசரமாகக் கலைந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1531 அக்டோபர் 11 அன்று, கத்தோலிக்க மாநிலங்களுடன் நடந்த காப்பெல் போரில் சுவிங்லி கொல்லப்பட்டார். லூத்தர் தரப்பிலிருந்து எந்தப் படையும் உதவிக்கு வரவில்லை.

இங்கே ஒரு சிறு குறுக்குப் பேச்சு. இத்தனை சண்டையும் 'எஸ்ட்' என்ற ஒரு வினைச்சொல்லின் மேல் நடந்தது. தமிழில் அந்தச் சொல்லே வேண்டாம். 'இது என் உடல்', 'அவர் என் மாமா' என்று வினை இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். இயேசு பேசிய அரமேய மொழியும் இப்படித்தான். இந்த மாதிரி வாக்கியத்துக்கு அதில் வினைச்சொல் கட்டாயம் இல்லை. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பிலும் இந்த இடத்தில் வினை கிடையாது. ஆனால் புரட்டஸ்டண்ட் வீடுகளில் புழங்கும் பழைய வேதாகமத்தில் 'சரீரமாயிருக்கிறது' என்று ஒரு நீண்ட சொல் நிற்கிறது. மூலத்தில் இருக்கும் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்கிற கவலையைத் தமிழின் இயல்புக்கு மேலாக வைத்தவர்களின் நடை அது.

பிறகு நடந்தவை

கால்வின் இருவருக்கும் நடுவில் ஒரு வழி தேடினார்: கிறிஸ்து மெய்யாகவே தம்மைத் தருகிறார், ஆனால் தூய ஆவியின் வழியாக, வாய் உண்பது அப்பம், விசுவாசம் உண்பது கிறிஸ்து. 1549இல் சூரிச் நகரத்தாரும் அவரும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கத்தோலிக்கத் தரப்பில் ட்ரெண்ட் சங்கம் 1551 அக்டோபர் 11 அன்று உட்பொருள் மாற்றத்தை மறுபடி உறுதி செய்தது. 1562இல் பூசை பலியே என்றும் அறிவித்தது. அதே சங்கம் வேறு பல சீர்திருத்தங்களில் விட்டுக்கொடுத்தது. இதில் மட்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இங்கிலாந்தில் இதே கேள்விக்குத் தலைகள் உருண்டன. எட்டாம் ஹென்றி போப்பை விட்டு விலகினாரே தவிர உட்பொருள் மாற்றத்தை விடவில்லை. அதை மறுத்ததற்காக ஆன் ஆஸ்க்யூ என்ற பெண் சித்திரவதைக்கு உள்ளாகி 1546இல் எரிக்கப்பட்டார். மேரியின் ஆட்சியில் ஆர்ச்பிஷப் கிரான்மர் 1556இல் எரிக்கப்பட்டார். காலம் மாறியதும் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறினார்கள்: 1673இன் சோதனைச் சட்டப்படி, உட்பொருள் மாற்றத்தை மறுத்து உறுதிமொழி எழுதித் தராதவருக்கு அங்கே அரசுப் பதவி கிடையாது.

காவிரிக் கரையில்

தமிழ் மண்ணில் கத்தோலிக்கர் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே முத்துக்குளித்துறையில் இருந்தவர்கள். லூத்தரின் கட்சி 1706 ஜூலையில் சீகன்பால்கோடு தரங்கம்பாடியில் கப்பல் இறங்கியது. ஆனால் நம் ஊரில் திருவிருந்துச் சண்டை 'எஸ்ட்' பற்றியதாக இல்லை. யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பது, யார் வாய் வைத்த கிண்ணத்தில் யார் குடிப்பது என்பதுதான் இங்கே பிரச்சினை. கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம், திருவிருந்தில் சாதிக்கு ஒரு வரிசை என்ற வழக்கம் பல காலம் நடந்தது.

1820களின் கடைசியில் தஞ்சாவூரில் புதிய மிஷனரிகள், எல்லோரும் கலந்து ஒன்றாகவே திருவிருந்து வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். எதிர்த்து நின்றவர்களில் தலையானவர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் சிறுவயதுத் தோழர், கிறிஸ்தவத் தமிழ்க் கீர்த்தனைகளுக்குத் தந்தை போன்றவர். அவர் 1829இல் இதைக் கண்டித்தே எழுதினார். தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் என்று அவர் தரப்பு அடுக்கியவற்றில் வேதாகமத்தைத் திருத்துவதும், கல்யாணத்தில் பூமாலையைத் தடுப்பதும், பண்டிகையில் தமிழ்ப் பாட்டை நிறுத்துவதும் உண்டு. திருவிருந்தில் சாதிகளைக் கலப்பதும் உண்டு. பாட்டையும் பூவையும் பற்றிய அவர் குறை நியாயமானது என்று இன்றைக்கு யாரும் சொல்வார்கள். நான்காவதை அப்படிச் சொல்ல முடியவில்லை. அவருடைய பாட்டில் மனம் கரைகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அப்போது சென்னை அவர் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள்.

கத்தோலிக்கத் தரப்பு இதில் மேல் என்று சொல்ல வழியில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் (2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர்) திருக்குடும்பக் கோயிலை 1872இல் கட்டியபோது, இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேருகிற மாதிரி, கால்சட்டை வடிவத்தில் கட்டினார்கள். வேளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில். பீடம் இருவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை! 1910இல் பங்குக்குரு கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். சுவரைத் திருப்பிக் கட்டித் தரச் சொல்லி வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. என்னைக் கேட்டால், பவுல் கொரிந்து நகரத்தாருக்கு அந்தக் கடிதத்தை எழுதிய காரணம் மார்பர்க்கைவிட வடக்கன்குளத்துக்குத்தான் நெருக்கம். அங்கேயும் வசதியுள்ளவர்கள் முதலில் உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டிக்கத்தான் அவர் கடைசி இரவு உணவின் கதையையே எடுத்துச் சொன்னார்.

சேர்ந்தவர்களும் சேராதவர்களும்

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள் சிலர் சபை ஒற்றுமைக்கு அறிக்கை விட்டார்கள். 28 வருஷப் பேச்சுக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே திருவிருந்துக்கு வந்தார்கள். தமிழ் லுத்தரன் சபை சேரவில்லை. வட இந்தியாவில் இதே போல் சி.என்.ஐ. 1970இல் உருவானது, நம்மில் பல சி.எஸ்.ஐ. குடும்பங்கள் இங்கே போகிற கோயில் அதுதான்.

ஐரோப்பாவில் லுத்தரன்களும் சுவிங்லி, கால்வின் மரபினரும் 1973இல் லாய்ன்பெர்க் உடன்படிக்கையில் ஒருவர் திருவிருந்தில் மற்றவர் பங்குகொள்ளலாம் என்று கையெழுத்திட்டார்கள். மார்பர்க்கிலிருந்து கணக்குப் போட்டால் 444 வருஷம்.

கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பலவற்றை மாற்றியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான வழிபாட்டு ஏட்டின் வழியாகப் பூசை தமிழுக்கு வந்தது; சில வேளைகளில் மக்களுக்கும் கிண்ணம் தர அனுமதி கிடைத்தது. ஆனால் உட்பொருள் மாற்றக் கொள்கையில் மாற்றம் இல்லை. 1965இல் ஆறாம் பவுல் ஒரு சுற்றுமடலே எழுதி அதை வலியுறுத்தினார். 1983இன் திருச்சபைச் சட்டத்தில் 844ஆம் விதிதான் நமது நண்பர் எழுந்து போகாததற்குக் காரணம். கீழைத்திருச்சபையினர் தாமாகக் கேட்டால், தகுந்த மனநிலையோடு இருந்தால், நற்கருணை கொடுக்கலாம். புரட்டஸ்டண்டுகளுக்கு மரண ஆபத்திலோ அதற்கு ஒப்பான அவசரத்திலோ மட்டும், அதுவும் நற்கருணை பற்றிக் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் கொடுக்கலாம். சேர்ந்து உண்பது முழு ஒற்றுமையின் அடையாளம் என்பது கத்தோலிக்கர் சொல்லும் நியாயம். ஒற்றுமைக்கு வழியே அதுதானே என்பது மற்றவர்கள் கேட்பது.

2015 நவம்பர் 15 அன்று ரோமில் உள்ள லுத்தரன் கோயிலுக்கு போப் பிரான்சிஸ் போயிருந்தார். கத்தோலிக்கரை மணந்த ஒரு லுத்தரன் பெண் எழுந்து, நானும் என் கணவரும் எப்போது சேர்ந்து நற்கருணை வாங்குவது என்று கேட்டார். போப் நேராக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அனுமதி தரத் தமக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, ஆண்டவரிடம் பேசுங்கள், முன்னே செல்லுங்கள், இதற்கு மேல் நான் சொல்லத் துணியவில்லை என்ற கருத்தில் முடித்துக்கொண்டார். அவர் 2025 ஏப்ரலில் காலமானார். 844ஆம் விதி அவர் காலத்தில் திருத்தப்படவில்லை.